செம்பில் ஏறும் களிம்பு

செல்போன்களின் மூதாதைக் கம்ப்யூட்டர்கள் பிறந்த ஊர் கேம்பிரிட்ஜ். அவற்றை அரிக்கும் எதிரி வெளியிலிருந்து வரவில்லை. பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கும் இந்தியர்கள், அதிலும் தமிழர்கள், எங்கே போவது என்று யோசிப்பதில்லை. நேரே ட்ரினிட்டி கல்லூரிதான். 1914ல் ராமானுஜன் வந்து சேர்ந்த இடம். அங்குள்ள ரென் நூலகத்தில்தான் 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தக'த்தைக் கண்டெடுத்தார். ராமானுஜன் இறந்து அப்போது 56 ஆண்டுகள் ஆகியிருந்தன. காகிதம் பொறுமைசாலி. பெட்டியில் போட்டு மறந்துவிட்டாலும், எடுத்துப் பார்க்கும்போது எழுத்து அப்படியே இருக்கும்.

அதே நிலையத்திலிருந்து கல்லூரிகள் பக்கம் திரும்பாமல், பலசரக்குக் கடைகளும் மசாலா வாசனையுமாக இருக்கும் மில் ரோட்டைக் கடந்து போனால் வேறு ஒரு கேம்பிரிட்ஜ் வருகிறது. கோபுரங்கள் இல்லை, புல்வெளி இல்லை. கோல்டாம்ஸ் ரோடு அருகே ரெனே கோர்ட் என்ற இடத்தில் தொழிற்பேட்டைக் கொட்டகை போன்ற ஒரு கட்டடம். பெயர், கம்ப்யூட்டிங் வரலாற்று மையம். ஹேவர்ஹில் என்ற சிறிய ஊரில் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகம் 2013ல் இங்கே குடிபெயர்ந்தது. ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டு வரவேற்பறையில், சுமார் 40 ஆயிரம் டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாகப் பற்றவைத்துச் செய்த 10 மீட்டர் நீள 'மெகாபிராசஸர்' இங்கேதான் நிற்கிறது. சிலிக்கான் சில்லுக்குள் நடப்பதைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் இயந்திரம் அது.

'தொடாதே' என்ற பலகைக்குப் பழகிய இந்திய அருங்காட்சியக ரசிகர்களுக்கு இந்த இடம் ஓர் அதிர்ச்சி. இங்கே தொடலாம். உட்கார்ந்து தட்டலாம். 1980களின் பள்ளி வகுப்பறை ஒன்றையே மறுபடி அமைத்து, பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய இயந்திரங்களில் இன்றைய பிள்ளைகள் பேசிக் மொழியில் இரண்டு வரி எழுதி, தங்கள் பெயரைத் திரை முழுக்க ஓட விடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் வெறும் பிளாஸ்டிக் பெட்டி; ஓடினால்தான் அது கம்ப்யூட்டர் என்பது இங்குள்ள கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் அதைக் கடைப்பிடிக்க, யாராவது ஒருவர் எந்நேரமும் சால்டரிங் அயர்னைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

கதை தொடங்குவது ஊரின் நடுவே, மார்க்கெட் ஹில்லில். 1978 டிசம்பரில் ஹெர்மன் ஹவுசர், கிறிஸ் கரி என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் ஆக்கார்ன் ஆயிற்று. பிரிட்டிஷ் மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத் தர பி.பி.சி. நினைத்தபோது, அதற்கான இயந்திரத்தைச் செய்யும் வாய்ப்பு ஆக்கார்னுக்குக் கிடைத்தது. 1981 டிசம்பரில் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ, சில ஆயிரம் விற்கும் என்று எதிர்பார்க்கப்பட்டு, 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. கிளைவ் சின்க்ளேர் என்ற போட்டியாளருக்கு இது பிடிக்கவில்லை. 1984 டிசம்பரில் ஆக்கார்ன் கொடுத்த ஒரு விளம்பரம், சின்க்ளேர் கம்ப்யூட்டர்கள் பழுதாகித் திரும்பி வருபவை என்று குத்திக்காட்டியது. பிரிட்ஜ் தெருவில் உள்ள 'பேரன் ஆஃப் பீஃப்' மதுக்கடையில் சின்க்ளேரும் கரியும் கைகலந்தது ஊரறிந்த கதை. சின்க்ளேரின் ஆயுதம், சுருட்டிய செய்தித்தாள். பழுது என்ற சொல்லுக்கு அந்த ஊரில் அவ்வளவு மரியாதை.

இதெல்லாம் வேடிக்கை. உலகத்தை மாற்றிய காரியம் சத்தமில்லாமல் நடந்தது. ஆக்கார்னில் வேலை பார்த்த சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் தங்களுக்கென்று ஒரு பிராசஸரை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு வந்து சேர்ந்தது. சுமார் 25 ஆயிரம் டிரான்சிஸ்டர்கள்தான். மின்சாரம் எவ்வளவு குடிக்கிறது என்று அளக்கப் போன ஃபர்பர், மீட்டர் சுழியைக் காட்டியதும் குழம்பினார். பார்த்தால் சில்லுக்கு மின் இணைப்பே சரியாகக் கொடுக்கப்படவில்லை. பக்கத்துச் சில்லுகளின் கால்களிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிக்கனம்தான் பின்னால் அதைச் செல்போனுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1990ல் 12 பொறியாளர்களோடு தனி நிறுவனமாகப் பிரிந்து, கேம்பிரிட்ஜுக்கு வெளியே ஸ்வாஃபம் புல்பெக் கிராமத்தில் ஒரு தானியக் கொட்டகையில் ஆர்ம் குடியேறியது. அதன் வடிவமைப்பில் இதுவரை 30 ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட சில்லுகள் உலகெங்கும் போயிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும் செல்போனிலும் அதுதான் இருக்கும்.

அந்தச் சில்லின் வம்சத்தை முதலில் தாங்கி வந்த கம்ப்யூட்டர் வரிசைக்கு ஆர்க்கிமிடீஸ் என்று பெயர். 1987ல் வந்தது. 1989ல் ஏ3000, 1991ல் ஏ5000 என்று தொடர்ந்தது. பிரிட்டிஷ் பள்ளிகள் பலவற்றில் இவை இருந்தன. 1998ல் ஆக்கார்ன் கம்ப்யூட்டர் தயாரிப்பைக் கைவிட்டது. பள்ளிகள் இவற்றை ஓரங்கட்டின. சில குப்பைக்குப் போயின; சில ஆசிரியர்களின் வீட்டுப் பரணுக்குப் போயின. பரணில் இருப்பவை பத்திரமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஏ3000 போன்ற ஒரு கம்ப்யூட்டரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு திறந்து பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது நிறம். சர்க்யூட் போர்டின் ஒரு மூலையில் மட்டும் பச்சையும் நீலமுமாகப் பூத்திருக்கும். பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு. சில இடங்களில் செம்புத் தடங்கள் கறுத்திருக்கும். இந்த நிறத்தை அடையாளம் காண எந்தத் தமிழ்ப் பெண்மணிக்கும் பொறியியல் பட்டம் வேண்டாம். களிம்பு. தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தில் ஏறுமே, அதே களிம்பு.

சைவ சித்தாந்திகள் உயிரைப் பற்றிய மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொன்னார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு செம்பாக உடன்பிறந்தது என்பது அவர்கள் வாதம். கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்த உவமை பாதிதான் பொருந்துகிறது. களிம்பு செம்புடன் பிறக்கவில்லை. ஆனால் அதற்கான வித்து தொழிற்சாலையிலேயே போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதுதான் பேட்டரி.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதியும் நேரமும் நினைவிருக்க வேண்டும். சில அமைப்பு விவரங்கள் அழியாமல் இருக்க வேண்டும். இதற்காக ஒரு சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே பற்றவைத்தார்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அணைந்திருக்கும்போது கடிகாரத்துக்குச் சோறு போடும். 1980களின் கடைசியில் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஐந்தாறு ஆண்டுகளில் வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. முப்பது ஆண்டுக்குப் பிறகு ஒருவர் இதைத் திறப்பார் என்று யாரும் எண்ணவில்லை.

அந்தப் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். கடும் காரம். பேட்டரி முதுமை அடைந்து அதன் மூடி தளர்ந்ததும் இது வெளியே வருகிறது. கொட்டுவதில்லை, ஊர்கிறது. பேட்டரியின் காலைப் பிடித்து இறங்கி, செம்புத் தடத்தின் வழியே, மேலே பூசிய பச்சை வண்ணப் பூச்சுக்கு அடியில் புகுந்து போகிறது. காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகிறது. ஈரம் பட்டால் மறுபடி கரைந்து முன்னேறுகிறது. ஒரு தடத்தில் உள்ள செம்பின் கனம் சுமார் 35 மைக்ரான். தலைமுடியின் பருமனில் பாதி. அதை அரித்துத் துண்டாக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஐ.சி.க்களைச் செருகும் சாக்கெட்டின் கால்கள், போர்டின் இரு பக்கங்களையும் இணைக்கும் ஊசித்துளைகள், ஈயப் பற்று எதையும் அது விடுவதில்லை. வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் ஒரு துளைக்குள் செம்பே இல்லாமல் போயிருக்கும்.

நேரத்தைக் காக்க வைத்ததே கம்ப்யூட்டரின் நேரத்தை முடிக்கிறது என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம். அதைவிட மோசம், பத்திரமாக மூட்டை கட்டி வைக்கப்பட்டவைதான் பெரும்பாலும் பலியாகின்றன. தினமும் புழங்கிய கம்ப்யூட்டரை யாராவது திறந்து பார்த்திருப்பார்கள். பரணில் இருந்ததைப் பார்க்க ஆளில்லை.

இது ஆக்கார்ன் மட்டும் செய்த பாவமல்ல. கமடோர் நிறுவனத்தின் அமிகா 2000, அமிகா 500 பிளஸ் ஆகியவற்றிலும் இதே வகைப் பேட்டரி இதே வேலையைச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் இந்திய அலுவலகங்களை நிறைத்த 386, 486 கம்ப்யூட்டர்களின் மதர்போர்டுகள் பலவற்றிலும் பீப்பாய் வடிவில் நீலமாகவோ பச்சையாகவோ உட்கார்ந்திருந்தது அதுதான். பழைய மேக்கின்டாஷ்களில் லித்தியம் பேட்டரி வெடித்துப் பெட்டியின் இரும்பையே துருப்பிடிக்க வைத்த கதைகள் ஏராளம். பேட்டரியே இல்லாத போர்டுகளிலும், சிறிய அலுமினியக் கெப்பாசிட்டர்கள் கசிந்து சுற்றியுள்ள தடங்களைத் தின்கின்றன. அவற்றைச் சூடாக்கினால் மீன் வாடை அடிக்கும். பழுது பார்ப்பவர்கள் மூக்காலேயே நோயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வைத்தியம் என்ன? முதலில் பேட்டரியை வெட்டி எடுப்பது. பிறகு படம் எடுப்பது. எந்த வயர் எங்கே இருந்தது, எந்தச் சில்லில் எந்தத் தேதி அச்சிட்டிருந்தது என்று ஒவ்வொரு அங்குலத்தையும். அதற்குப் பிறகு வருவது, இந்தியச் சமையலறை எதிலும் நடக்கும் காரியம்தான். செம்புப் பாத்திரத்துக்குப் புளி. போர்டுக்கு வெள்ளை வினிகர் அல்லது எலுமிச்சை அமிலம். காரத்தை அமிலம் முறிக்கிறது, களிம்பைக் கரைக்கிறது. நீர்த்த வினிகரைப் பழைய பல்துலக்கியால் தடவினால் நுரை கிளம்பும். நுரை அடங்கியதும் உப்பில்லாத சுத்த நீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்த வேண்டும். புளி போட்ட பாத்திரத்தை அலசாமல் விட்டால் மறுநாளே கறுப்பதுபோல, மிச்சம் விட்ட அமிலமும் அரிக்கும்.

இது வரைக்கும் பொறுமை போதும். அடுத்த கட்டத்துக்குக் கண் வேண்டும். கண்ணாடி இழைப் பேனாவால் பச்சைப் பூச்சைச் சுரண்டி, நல்ல செம்பு தெரியும் வரை போக வேண்டும். அந்த இழைத் தூள் விரலில் ஏறினால் இரண்டு நாளைக்கு முள் தைத்த வேதனை. களிம்பேறிய ஈயம் சாமானியத்தில் உருகாது. புது ஈயம் சேர்த்து, பிளக்ஸ் தடவி, கெஞ்சிக் கூத்தாடித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் போர்டிலிருந்து தடமே உரிந்து வந்துவிடும். பிறகு சர்க்யூட் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளால் ஒவ்வொரு தடத்தையும் தொட்டுப் பார்ப்பது. 'பீப்' என்று கத்தினால் உயிர் இருக்கிறது. கத்தாவிட்டால் முடி போன்ற ஒரு வயரை இரு முனையிலும் பற்றவைத்து, அறுந்ததை இணைக்க வேண்டும். மோசமான போர்டில் இப்படி முப்பது நாற்பது வயர்கள் ஓடலாம். நல்ல கைகாரர்கள் பழைய தடத்தின் மேலேயே, அதன் வளைவு திருப்பங்களோடு வயரைப் படிய வைத்து, மேலே பச்சைப் பூச்சு பூசி, புற ஊதா விளக்கில் காய வைக்கிறார்கள். வெற்றுக் கண்ணுக்குத் தெரியாது. இதில் ஒரு வாதமும் உண்டு. பழுது பார்த்த இடம் தெரியக் கூடாதா, தெரிய வேண்டுமா? கோயில் திருப்பணியில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்ததைப் பார்த்து நொந்தவர்களுக்கு விடை சொல்லத் தேவையில்லை. வருங்காலத்தில் ஆராய்பவருக்கு எது தொழிற்சாலை வேலை, எது பிற்கால வேலை என்று தெரிய வேண்டும். குறைந்தபட்சம் ஒரு குறிப்பாவது பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்க்கிமிடீஸின் இயக்க மென்பொருளான ரிஸ்க் ஓ.எஸ்., 2018லிருந்து எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. அதே கேம்பிரிட்ஜில் பிறந்த ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கைக் கம்ப்யூட்டரில் அது அழகாக ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டரைப்போலவே நடித்துக் காட்டும் எமுலேட்டர் மென்பொருள்களும் இருக்கின்றன. பிறகு ஏன் இந்தப் பச்சைப் போர்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

நடிகர் சரியாக நடிக்கிறாரா என்று சொல்ல, அசல் ஆள் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் பதில். எமுலேட்டர் எழுதுபவர்கள் சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பது ஓடுகிற அசலில்தான். ஆர்க்கிமிடீசில் பிராசஸரைச் சுற்றி நினைவகத்துக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, வெளித் தொடர்புக்கு ஒன்று என்று தனியாக வடிவமைத்த சில்லுகள் உண்டு. அவற்றை இன்று யாரும் தயாரிப்பதில்லை. ஒன்றின் கால்களைக் களிம்பு தின்றுவிட்டால், இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கித்தான் வைக்க வேண்டும். இரண்டைக் கொன்று ஒன்றைப் பிழைக்க வைப்பதும் நடக்கிறது. இந்தக் கணக்கு ஒரு திசையில் மட்டுமே போகும். அசல்களின் எண்ணிக்கை இனிக் கூடப் போவதில்லை.

அசல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் பிரிட்டனிலேயே உதாரணம் இருக்கிறது. 1086ல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே புத்தகத்தின் 900வது ஆண்டில், பி.பி.சி. ஒரு நவீன டூம்ஸ்டே தயாரித்தது. 10 லட்சம் பேர் பங்கேற்று எழுதியதை லேசர் தட்டில் ஏற்றினார்கள். படிக்க வேண்டியது பி.பி.சி. மாஸ்டர் கம்ப்யூட்டரில். பதினைந்தே ஆண்டுகளில் அதைப் படிக்க இயந்திரம் தேடி ஆராய்ச்சியாளர்கள் அலைய நேர்ந்தது. தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டுப் புத்தகத்தை இப்போதும் திறந்து படிக்கலாம். (பி.பி.சி. மாஸ்டரிலும் பேட்டரி உண்டு என்பது உபரித் தகவல்.)

இந்தியாவுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. 1984-85ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்குப் போனவை கேம்பிரிட்ஜின் பி.பி.சி. மைக்ரோக்கள்தான். பின்னர் மொஹாலியில் உள்ள அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ், அதே கம்ப்யூட்டரை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் இந்தியப் பொறியாளர்கள் சிலர் முதன்முதலில் தொட்ட விசைப்பலகை அதுவாக இருக்கும். பல பள்ளிகளில் அது தலைமை ஆசிரியர் அறையில் துணி போர்த்திப் பூட்டப்பட்டிருந்தது என்பதும் அந்தத் தலைமுறை அறிந்ததே. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் வெளியே வந்து சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டது.

அந்த மாடலில் பேட்டரி இல்லை என்பது ஆறுதல். ஆனால் அதன் மின்வழங்கிப் பெட்டிக்குள் உள்ள ஒரு கெப்பாசிட்டரின் பிளாஸ்டிக் உறை நாளடைவில் வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சும். பல வருடம் கழித்து ஆசையோடு சுவிட்சைப் போட்டால், சில நிமிடங்களில் 'டப்' என்று வெடித்துப் புகை சூழும். கேம்பிரிட்ஜ் குளிரிலேயே இந்தக் கதி என்றால், கடற்காற்றும் மழைக்காலமும் சேர்ந்த சென்னைக்கும் மும்பைக்கும் சொல்ல வேண்டாம். மாற்றுக் கெப்பாசிட்டர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் மாற்றிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போட வேண்டும் என்ற வரிசைதான் முக்கியம்.

அந்தக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை ஏலத்தில் எடைக்குப் போயிருக்கும். உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். பல ஆண்டுகளாக அது சர்க்யூட் போர்டுகளின் சுடுகாடாகவும் இருந்து வந்திருக்கிறது. ராம்கங்கை ஆற்றங்கரைப் பகுதியில் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் முக்கியும் செம்பும் தங்கமும் பிரித்தெடுத்தார்கள். ஆறும் மண்ணும், அந்த வேலை செய்தவர்களின் உடம்பும் கெட்டன. அங்கும் அமிலம்தான், செம்புதான். ஒரு கிலோ போர்டுக்கு என்ன விலை என்பதே அங்கே கேள்வி. அந்தப் பிழைப்பில் இருப்பவர்களிடம் வரலாற்றைக் காப்பாற்றச் சொல்வது அநியாயம். கேட்க வேண்டியது, எடைக்குப் போடுமுன் ஒரு தரம் திறந்து பார்க்காத பள்ளிகளையும் அலுவலகங்களையும்.

இன்னும் எங்காவது ஆய்வுக்கூடப் பீரோவில், அலுவலகக் கிடங்கில், மாடிப்படிக்கு அடியில் பழைய 386ஓ, அமிகாவோ, ஆர்க்கிமிடீஸோ இருக்கலாம். அவற்றைப் பழுது பார்க்க ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழுது பார்ப்பது பிறகு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பேட்டரியை எடுப்பது இன்றே நடக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு ஜோடி ரப்பர் கையுறை போதும். பேட்டரி இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆர்க்கிமிடீஸின் இயக்க மென்பொருள் முழுக்க ரோம் சில்லுகளில் இருக்கிறது. 'டெலீட்' விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால், மறந்த அமைப்புகளை அடிப்படை நிலைக்குக் கொண்டுவந்து எழுந்துவிடும். தேதி மட்டும் தெரியாது. கடிகாரம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள், போர்டிலிருந்து தள்ளி ஒரு நீள வயரின் முனையில் பட்டன் செல்லை வைத்து, அதற்கு சார்ஜ் ஏறாமல் தடுக்க ஒரு டையோடையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பழைய இடத்திலேயே புது நிக்கல் பேட்டரியைப் பற்றவைப்பது, திருடனுக்கு மறுபடி சாவி கொடுப்பது.

வெட்டி எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. காட்மியம் நஞ்சு. தனியாகக் கட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர்க்க வேண்டும்.